தரம் என்னும் தாழ்ப்பாள்

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரிக்கு அருகில், மசேனோ என்ற ஊரில் ஆங்கிலிக்கன் மிஷன் 1906இல் ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தது. குலத்தலைவர் வீட்டுப் பையன்களைச் சேர்த்து, கொஞ்சம் வேதமும் கொஞ்சம் எழுத்தும் நிறையக் கைவேலையும் கற்றுக்கொடுப்பது ஏற்பாடு. இரண்டே ஆண்டில், 1908இல், பையன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உடலுழைப்பைக் குறைத்துவிட்டு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் பள்ளிக்கூட வரலாற்றைச் சொல்பவர்கள் இதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த நூறாண்டில் நடந்த சண்டை முழுவதும் அந்தக் கோரிக்கைக்குள் சுருண்டு கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆப்பிரிக்கக் கிராமக் கல்வி பற்றி இன்று பேசுகிறவர்கள் இரண்டு தட்டுள்ள தராசைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்: ஒரு தட்டில் எண்ணிக்கை, மறு தட்டில் தரம். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தால் தரம் தாழும், தரத்தைக் காத்தால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள், எதை விடுவது என்று கேட்கிறார்கள். கென்யாவின் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், இந்தத் தராசைச் செய்தவர்கள் யார், அதில் எதை நிறுத்தார்கள் என்பது தெரியவரும். தரம் என்ற சொல் அங்கே நெடுங்காலம் கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கற்காமல் போன காலங்கள் உண்டு; ஆனால் அதற்குக் காரணம் அவர்கள் கூட்டமாக வந்தது அல்ல.

முதல் தாழ்ப்பாளைப் பொருத்தியவர் பம்பாயிலிருந்து வந்தார். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்வியில் அனுபவம் பெற்ற நெல்சன் ஃபிரேசர், கென்யா அன்று இருந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பாதுகாப்புப் பகுதியின் கல்வி எப்படி இருக்கவேண்டும் என்று 1909இல் அறிக்கை கொடுத்தார். ஐரோப்பியருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று என்று கல்வி பிரிந்தது. ஆப்பிரிக்கருக்குத் தொழிற்பயிற்சியும் ஒழுக்கபோதனையும் போதும் என்றது அறிக்கை. இந்தியாவில் ஏட்டுக்கல்வி கொடுத்துப் பட்டதாரிகளை உருவாக்கி, பிறகு அவர்களுடைய மனுக்களையும் கூட்டங்களையும் சமாளிக்க நேர்ந்த ஏகாதிபத்தியம், அதே தவறை நைரோபியில் செய்ய விரும்பவில்லை என்று இதைப் படிப்பது மிகையாகாது. 1924இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெல்ப்ஸ்-ஸ்டோக்ஸ் குழுவும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. தாமஸ் ஜெஸ்ஸி ஜோன்ஸ் தலைமையில் வந்த அந்தக் குழுவுக்கு முன்மாதிரி அமெரிக்கத் தெற்கின் கறுப்பினத்தவருக்காக நடந்த ஹாம்ப்டன், டஸ்கிகீ கல்விநிலையங்கள். மண், சுகாதாரம், குடிசைத் தொழில், நற்பண்பு ஆகியவற்றோடு பொருந்திய கல்வியே கிராமத்துக்கு ஏற்றது என்றார்கள். இதில் நல்லெண்ணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழுவில் கோல்ட் கோஸ்ட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் அக்ரே என்ற ஆப்பிரிக்கக் கல்வியாளரும் இருந்தார், அவர் நேர்மையை யாரும் ஐயப்பட்டதில்லை. கிராமப் பிள்ளை கிராமத்தோடு ஒட்டிய எதையாவது கற்கட்டும் என்பது இன்றும் பலருக்கு நியாயமாகப் படுகிற யோசனை. ஆனால் நல்ல நிலங்களெல்லாம் வெள்ளைக் குடியேறிகளின் கையில் இருந்த நாட்டில், கறுப்பர் விளைவித்த காப்பிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த நாட்டில், விவசாயக் கல்வி என்பது பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போகக் கற்பது என்றுதான் கிராமத்துக்காரர் காதில் விழுந்தது. அவர்கள் காது சரியாகத்தான் கேட்டது.

அதே காலத்தில் முளைத்த ஒரு நல்ல விதையையும் சொல்லியாக வேண்டும். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த அன்னா ஜீன்ஸ் என்ற சீமாட்டி விட்டுச்சென்ற அறக்கொடையால் அமெரிக்கத் தெற்கில் ஒரு புது வகை ஆசிரியை உருவாகியிருந்தார். 1908இல் வர்ஜீனியாவில் வர்ஜீனியா ராண்டால்ஃப் தொடங்கிவைத்த முறை அது. ஒரு பள்ளியில் நிற்காமல் சுற்றுவட்டாரத்தின் சின்னச் சின்னப் பள்ளிகளுக்கெல்லாம் போய், அங்கே தனியாகத் திண்டாடும் ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்துக் காட்டுவதுதான் அவர் வேலை. 1925இல் நைரோபிக்குப் பக்கத்தில் கபேட்டேயில் திறந்த ஜீன்ஸ் பள்ளி இந்த முறையை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் மனைவி, குழந்தைகளோடு வந்து தங்கிப் பயிற்சி பெற்று, ஊர் ஊராகப் போனார்கள். கையோடு கொண்டுபோன பாடம் பெரும்பாலும் கக்கூஸ் தோண்டுவதும் காய்கறித் தோட்டமும். அதில் ஊராருக்கு அத்தனை ஆசை இல்லை. பயணம் செய்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அந்த முறை மட்டும் தொண்ணூறு ஆண்டு கழித்து வேறு வேடத்தில் திரும்பி வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

கிராமத்தாரிடம் பணம் இல்லை, ஆர்வம் இல்லை, அதனால் பள்ளி இல்லை என்ற விளக்கம் 1920களிலேயே பொய்த்துப்போனது. 1924க்குப் பிறகு மாவட்டந்தோறும் அமைக்கப்பட்ட சுதேசி மன்றங்கள் உள்ளூர் வரி வசூலிக்கலாம் என்று சட்டம் வந்தது. கிகூயு இனத்தாரின் மாவட்டங்களிலும் மேற்கே லூயா, லுவோ இனத்தாரின் பகுதிகளிலும் இருந்த மன்றங்கள் அந்த வரியைப் பள்ளிக்கென்று ஒதுக்க முண்டியடித்தன. பெரிய பள்ளிகளுக்கான பணம் கைவசம் இருந்தது, அனுமதிதான் வரவில்லை. மிஷன்களோடு போட்டி வந்துவிடும், தகுந்த ஆசிரியர் இல்லை, தரம் கெட்டுவிடும் என்று இழுத்தடித்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில்தான் ககமேகாவிலும் ககூமோவிலும் அரசுப் பள்ளிகளாக அவை எழுந்தன. அதற்குள் 1926இல் கிகூயு என்ற ஊரில் புராட்டஸ்டன்ட் மிஷன்கள் சேர்ந்து அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கிவிட்டிருந்தன. நாட்டின் எதிர்கால அமைச்சர்கள் பலர் படித்த பள்ளி அது, உண்மையிலேயே உயர்ந்த பள்ளி. தரத்துக்கு உதாரணம் கேட்டவர்களிடம் அதைக் காட்டினார்கள். ஒரு நாட்டுக்கு ஒன்று என்றிருக்கும்போது எந்தப் பள்ளியும் தரமாகத்தான் இருக்கும்.

1929இல் அணை உடைந்தது. பெண்களுக்குச் சுன்னத்து செய்யும் வழக்கத்தைக் கைவிடுவதாகக் கைநாட்டு வைத்தால்தான் மிஷன் பள்ளியில் ஆசிரியராக நீடிக்கலாம் என்று ஸ்காட்லாந்து மிஷன் கிகூயு மக்களிடம் சொன்னது. கைநாட்டுக்கு அவர்கள் மொழியில் கிரோரே என்று பெயர். அந்தச் சண்டைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஊர் ஊராகப் பிள்ளைகள் மிஷன் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். ஆடு மாடு விற்ற காசிலும் ஆளுக்கொரு நாள் உழைப்பிலும் மண்ணும் கழியும் வைத்துச் சுவர், மேலே புல் வேய்ந்த கூரை என்று சொந்தப் பள்ளிகள் எழுந்தன. கிகூயு சுயாதீனப் பள்ளிகள் சங்கம், காரிங்கா கல்விச் சங்கம் என்ற இரண்டு அமைப்புகள் அவற்றை நடத்தின. இந்த இடத்தில் ஒரு எதிர்ப்பு எழுவது இயல்பு: சிறுமிகளின் உடலைச் சிதைக்கும் வழக்கத்தைக் காப்பதற்காகப் பிறந்த பள்ளிகளை எப்படிப் புகழ்வது? புகழவேண்டியதில்லை. அந்த வழக்கம் கொடியது, மிஷன் அதில் சொன்னது சரி. ஆனால் ஊரில் இருந்த ஒரே பள்ளியின் வாசலை அந்தக் கொள்கைக்குப் பிணையாக வைத்தது தவறு. பள்ளி பிறர் கையில் இருக்கும்வரை எந்த நாளும் எந்தக் காரணத்துக்காகவும் அதைப் பூட்டலாம் என்று மக்கள் புரிந்துகொண்டது அப்போதுதான். அந்தப் புரிதல், அதைத் தூண்டிய வழக்கத்தைவிட நெடுநாள் வாழ்ந்தது. இந்தப் பள்ளிகளுக்கும் அரசுக்கும் இடையே ஓயாமல் நடந்த வழக்கு ஆங்கிலம் பற்றியது. முதல் வகுப்புகளில் தாய்மொழி போதும் என்றது கல்வி இலாகா. சீக்கிரமே ஆங்கிலம் வேண்டும், பரீட்சை ஆங்கிலத்தில்தானே என்றார்கள் பெற்றோர். கல்வியியல்படி இலாகா சொன்னது சரி. யார் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று பார்த்தால் பெற்றோரின் சந்தேகம் சரி.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பு முடித்துத் திரும்பிய பீட்டர் ம்பியு கோய்னாங்கே 1939இல் கிதுங்குரி என்ற இடத்தில் ஆசிரியர் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை என்று அரசு குறை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குறையைத் தாங்களே தீர்க்கும் முயற்சி அது. கிகூயு சமூகத்தில் ஒரே காலத்தில் சடங்கு முடித்தவர்கள் ஒரு வயதுக்குழுவாகச் சேர்ந்திருப்பார்கள். எந்தக் குழு எவ்வளவு கொடுத்தது என்று குழுக்களுக்குள் போட்டி மூட்டி நிதி திரட்டினார்கள். பெண்பிள்ளைகளுக்கு விடுதி கட்டப் பெண்கள் தனியே வசூல் நடத்தினார்கள். இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஜோமோ கென்யாட்டா பின்னர் அதன் முதல்வரானார். இந்தச் சூழலில்தான் 1949இல் ஆப்பிரிக்கர் கல்வி பற்றிய பீச்சர் அறிக்கை வந்தது. தொடக்கநிலை நான்காண்டு, இடைநிலை நான்காண்டு, உயர்நிலை நான்காண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு தேர்வு. நான்காம் ஆண்டு முடிவிலேயே பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடும். பள்ளிகள் கட்டுப்பாடில்லாமல் பெருகிவிட்டன, ஆசிரியர் தகுதியற்றவர், மேற்பார்வை இல்லை, ஆகவே முதலில் தரம், பிறகு விரிவு என்றது அறிக்கை. பயிற்சியற்ற ஆசிரியர் பற்றி அது சொன்னது பொய்யல்ல. ஆனால் அதற்கு மருந்து ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதா, பிள்ளையை வெளியே அனுப்புவதா? கேள்வி விவாதத்தில் தீரவில்லை. 1952இல் நெருக்கடிநிலை வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சியோடு தொடர்பு என்று நூற்றுக்கு மேற்பட்ட சுயாதீனப் பள்ளிகளை அரசு மூடியது, சிலவற்றை மாவட்டக் கல்விக் குழுக்களின் கீழ் கொண்டுவந்தது. வயதுக்குழுக்கள் காசு போட்டுக் கட்டிய கிதுங்குரியில் தூக்குமேடை நின்றது. காரிங்கா பள்ளியில் படித்த எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, பள்ளி கைமாறிய பிறகு கிகூயு பேசிப் பிடிபட்ட பிள்ளைக்குப் பிரம்படியும், கழுத்தில் நான் முட்டாள் என்று எழுதிய தகடும் கிடைத்ததைப் பிற்காலத்தில் எழுதினார்.

1963இல் விடுதலை வந்தபோது நாடு முழுவதற்கும் உயர்நிலைப் பள்ளிகள் 151. பிரதமர் கென்யாட்டா எடுத்துக்கொடுத்த சொல் ஹராம்பே; சேர்ந்து இழுப்போம் என்று பொருள். (ரயில்பாதை போட வந்த இந்தியக் கூலிகள் அம்பாளைக் கூவியதிலிருந்து வந்தது என்ற கதை இன்றும் உலவுகிறது, கடற்கரைச் சுமைதூக்கிகளின் சுவாஹிலிச் சொல் என்பதே ஏற்கத்தக்கது.) சொல் புதிது, வழக்கம் பழையது. ஒரு ஹராம்பே கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்த்தால் அதன் விசை புரியும். மரத்தடியில் மேசை, அதன்மேல் தட்டோ கூடையோ. யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயரோடு உரக்கப் படிப்பார்கள். காசில்லாத கிழவி ஒரு கோழியைக் கொண்டுவந்து வைப்பாள்; அதை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் கோழியைத் திருப்பித் தந்துவிட, மறுபடி ஏலம். ஒரே கோழி மூன்று நான்கு முறை விலைபோகும். கல் சுமப்பதும் மணல் அள்ளுவதும் கணக்கில் வரும். சுவர் ஏறி, தகரக் கூரை விழுந்ததும், உள்ளே ஒரு வகுப்பை உட்காரவைத்துவிடுவார்கள். ஆய்வுக்கூடமும் பட்டதாரி ஆசிரியரும் கிடையாது. பிள்ளைகள் உட்கார்ந்துவிட்ட பள்ளியை எந்த அமைச்சரும் மூடத் துணியமாட்டார், என்றைக்காவது அரசு ஏற்றுக்கொண்டே தீரும் என்பதுதான் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. 1970களின் நடுவில் உயர்நிலைப் பள்ளிகள் ஆயிரத்தைத் தாண்டின, அவற்றில் பெரும்பகுதி ஊர்கள் கட்டியவை. அரசுத் திட்டம் எதிலும் எழுதப்படாத விரிவாக்கம் அது.

ஹராம்பேமேல் சொல்லப்படும் குற்றங்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. காப்பியும் தேயிலையும் விளைந்த மத்திய மாகாணத்தில் பள்ளி மேல் பள்ளி எழுந்தது. வறண்ட வடக்கே துர்கானா, வாஜிர், மண்டேரா மேய்ச்சல் குடிகளுக்கு ஏலம் விடக் கூட்டமும் இல்லை, நின்று படிக்க ஊரும் இல்லை. சேர்ந்து இழுப்போம் என்ற முழக்கம் இருப்பவர் மேலும் முன்னேறும் வழியாயிற்று. அரசியல்வாதிகள் கட்டுக் கட்டாக நோட்டோடு வந்து தொகுதியை விலைக்கு வாங்கும் மேடையாகவும் அது மாறியது. 2003இல் அரசு ஊழியர் நெறிச் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. பல ஹராம்பே பள்ளிகளில் பயிற்சியற்ற இளைஞர்களே பாடம் நடத்தினார்கள். தேர்வில் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகத் தோற்றார்கள். ஏழைகளிடம் இரண்டாவது வரி வாங்கி மட்டமான சரக்கை விற்றது இந்த முறை என்று ஒரு கூற்று உண்டு, நான் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குறைகள் எதுவும் ஊர் பள்ளி கட்டியதால் வந்தவை அல்ல. கட்ட முடிந்த இடத்தில் அரசு பின்னால் வரத் தாமதித்ததாலும், கட்ட முடியாத இடத்தில் முன்னால் போக மறுத்ததாலும் வந்தவை. அரசு சின்ன அளவில் கைகொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1970களில் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வைச் சீர்திருத்த ஆண்டனி சாமர்செட் என்ற ஆய்வாளர் பொறுப்பேற்றார். மனப்பாடத்தைச் சோதிக்கும், நகரத்துப் பிள்ளைக்கே பழக்கமான கேள்விகளைக் குறைத்து, கிராமத்துப் பிள்ளை தன் அனுபவத்தைக்கொண்டு யோசித்து விடை சொல்லக்கூடிய கேள்விகளைக் கூட்டினார்கள். தேர்வு முடிந்ததும் எந்தக் கேள்வியில் பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள், அதை எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று விளக்கி ஒவ்வொரு பள்ளிக்கும் மடல் அனுப்பினார்கள். முதலில் மாவட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம் கூடியது. சில ஆண்டுகளில் குறையத் தொடங்கியது. செலவு என்று பார்த்தால் காகிதமும் தபால்தலையும்தான்.

1974இல் முதல் நான்கு வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்று கென்யாட்டா அறிவித்தார். முந்தைய ஆண்டில் 18 லட்சமாக இருந்த தொடக்கப் பள்ளி மாணவர் எண்ணிக்கை ஒரே தாவலில் 27 லட்சத்தைத் தாண்டியது. விரிவு தரத்தைக் கெடுக்கும் என்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த ஆண்டைத்தான். வகுப்பில் இடமில்லை, ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை; அது உண்மை. ஆனால் அறிவிப்புக்கு முன் ஆசிரியரைத் தேடவில்லை, கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. கட்டணத்தை எடுத்துவிட்டுக் கட்டட நிதி என்று பள்ளிகள் வசூலிக்கத் தொடங்கின. பல இடங்களில் அது பழைய கட்டணத்தைவிட அதிகம். அலையாக வந்த பிள்ளைகள் அடுத்த ஓரிரண்டு ஆண்டில் அலையாகவே திரும்பிப் போனார்கள். இதை விரிவின் தோல்வி என்று சொல்வது, அடுப்பில் விறகு வைக்காமல் சோறு வேகவில்லை என்று அரிசியைக் குறைசொல்வது போன்றது. 1985இல் அதிபர் மோயின் அரசு கொண்டுவந்த 8-4-4 முறை (தொடக்கப் பள்ளி எட்டு, உயர்நிலை நான்கு, பல்கலைக்கழகம் நான்கு ஆண்டு) இன்னொரு வேடிக்கை. கைத்தொழிலும் விவசாயமும் பாடத்திட்டத்துக்குள் திரும்பி வந்தன, இம்முறை கறுப்பின அரசின் கையாலேயே. பட்டறை கட்டும் செலவு பெற்றோர் தலையில் விழுந்தது. 1988க்குப் பிறகு செலவுப் பகிர்வு என்ற பெயரில், உலக வங்கியின் காற்று வீசிய திசையில், மீதிச் சுமையும் அவர்களிடமே வந்தது. 1990களில் சேர்க்கை விகிதம் சரிந்தது. பிள்ளைகள் குறைந்தபோது தரம் உயர்ந்ததா என்றால், அதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

2003 ஜனவரியில் அதிபர் கிபாக்கியின் அரசு தொடக்கக் கல்வி முழுவதையும் இலவசமாக்கியது. 59 லட்சம் மாணவர் 72 லட்சம் ஆனார்கள். தலைக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங் பள்ளிக்கு நேரே போனது. அடுத்த ஆண்டு எல்டோரெட் பகுதியில் கிமானி மருகே என்ற 84 வயதுக் கிழவர், பழைய மாவ் மாவ் போராளி, அரைக்கால்சட்டையும் சீருடையுமாக முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். பைபிளைத் தானே படித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. உலகம் புகைப்படம் எடுத்துக்கொண்டது. புகைப்படத்துக்கு வெளியே, ஒரு வகுப்பில் எண்பது, நூறு பிள்ளைகள். காரணம் என்ன? 1998இலேயே ஆசிரியர் பணியிடங்களுக்கு 235,000 என்று உச்சவரம்பு போட்டாயிற்று. பதின்மூன்று லட்சம் பிள்ளைகள் கூடியபோதும் அது அசையவில்லை. வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளிக்கு நகர்ந்தார்கள், நாளிதழ்கள் தரம் செத்தது என்று எழுதின. ஏட்ரியன் லூகாஸ், ஐசக் ம்பிட்டி என்ற இரு பொருளியலாளர்கள் எட்டாம் வகுப்பு இறுதித் தேர்வு முடிவுகளை எடுத்து இந்தப் புலம்பலைச் சோதித்தார்கள். முன்பு படிப்பை முடித்திருக்கவே முடியாத பிள்ளைகள், குறிப்பாகப் பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகள், பெரிய எண்ணிக்கையில் முடித்தார்கள். எப்படியும் பள்ளியில் இருந்திருக்கக்கூடியவர்களின் மதிப்பெண் சொல்லத்தக்க அளவு குறையவில்லை. அரசுப் பள்ளிகளின் சராசரி தாழ்ந்ததற்குப் பெரும் காரணம் உட்கார்ந்திருப்பவர்கள் மாறியதுதான். சராசரி என்பதை வைத்துக்கொண்டு புதிதாக வந்தவன்மேல் பழி போடுவது எளிது.

ஆனாலும் இலவசப் பள்ளிக்குள் வந்துவிட்டவர்கள் கற்றார்களா என்று கேட்டால் பதில் கசக்கிறது. இந்தியாவில் பிரதம் அமைப்பு வீடு வீடாகப் போய் நடத்தும் அசர் கணக்கெடுப்பைப் பார்த்து, 2009இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் உவேசோ என்ற கணக்கெடுப்பு தொடங்கியது. சுவாஹிலியில் திறன் என்று பொருள். கென்யாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்துக்கு மூன்று பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் செய்ய முடிந்தது என்றது அதன் 2011ஆம் ஆண்டு அறிக்கை. ஏன் என்பதற்கு உகாண்டா எல்லையோர புசியா பகுதியில் 1990களிலேயே ஒரு தடயம் கிடைத்திருந்தது. பாடநூல் இல்லாத பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்துப் பார்த்தார்கள் மைக்கேல் கிரீமரும் கூட்டாளிகளும். சராசரியாக எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் இன்னும் நன்றாகப் படித்தார்கள். நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் மூன்றாவது மொழி. 1950களின் பிற்பகுதியில் நைரோபியின் ஆசியக் குழந்தைகளுக்கென்று தொடங்கிய ஆங்கிலவழிச் சோதனை, விடுதலைக்குப் பிறகு நாடெங்கும் பரப்பப்பட்டதன் விளைவு இது. என் வாதத்துக்கு இடிக்கும் இடமும் இதுதான்: ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் 1930களின் கிராமத்துப் பெற்றோர்களே அல்லவா? ஆம். தேர்வும் வேலையும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை அவர்கள் கேட்டது புத்திசாலித்தனம். தாய்மொழியில் தொடங்கி ஆங்கிலத்துக்கு ஒழுங்காக ஏற்றிவிடும் ஏணியை யாராவது கட்டிக் காட்டியிருந்தால் அவர்கள் மறுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களுக்குக் காட்டியதெல்லாம் தாய்மொழியில் தொடங்கித் தாய்மொழியிலேயே முடியும் நான்காண்டுப் பள்ளி.

ஆசிரியர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற கேள்வியும் ஹராம்பே விட்டுச்சென்றதுதான். 2005இல் மேற்குக் கென்யாவில் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டூபா, கிரீமர் மூவரும் 140 பள்ளிகளுக்கு முதல் வகுப்புக்கு ஒரு கூடுதல் ஒப்பந்த ஆசிரியரைக் கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளிக் குழுவே ஆளை எடுக்கும், வேண்டாமென்றால் நீக்கும். சம்பளம் நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு பகுதிதான். ஒப்பந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். இதைத் தேசிய அளவில் செய்யலாம் என்று முனைந்தபோது நடத்தப்பட்ட இன்னொரு சோதனையில், தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பலன் தெரிந்தது, அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் ஒன்றுமே தெரியவில்லை. குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதே தீர்வு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஆசிரியர் சங்கத்தாரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும். எனக்கு இதில் தெரிவது, மரத்தடி மேசையில் பெயர் படித்துக் காசு போட்டவர்களுக்கு இருந்த ஒரு கண், இலவசக் கல்வி வந்தபோது எடுபட்டுப்போனதுதான். கட்டணத்தை நீக்கியது சரி. பெற்றோரைக் கேள்வி கேட்கும் இடத்திலிருந்தும் கூடவே நீக்கிவிட்டது திட்டத்தில் எழுதப்படாத பகுதி.

2015இல் நாடு முழுவதும் பரப்பப்பட்ட டுசோமே திட்டம் இந்தக் கதையில் கடைசியாகப் பார்க்கவேண்டியது. படிப்போம் என்று பொருள். அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும், சுமார் 23,000 பள்ளிகளில், முதல் வகுப்புகளுக்குத் தலைக்கு ஒரு புத்தகம், ஆசிரியருக்கு நாள்வாரியாகப் பாட வழிகாட்டி, ஆங்கிலம், சுவாஹிலி இரண்டிலும் வாசிப்பு. எவரையும் வெளியே நிறுத்தாமலே பிள்ளைகளின் வாசிப்பு கணிசமாக முன்னேறியது. அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளின் பணத்தில் நடந்த திட்டம் எவ்வளவு காலம் தாங்கும் என்ற சந்தேகம் நியாயமானது. அந்தப் பணம் நின்ற பிறகு என்ன என்பதற்குக் கென்யக் கருவூலம்தான் பதில் சொல்லவேண்டும். ஆனால் திட்டத்தின் நடுநரம்பு பணத்தில் இல்லை. இலாகாவில் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வட்டார அலுவலர்களைப் பள்ளிப் பள்ளியாக அனுப்பியதில் இருக்கிறது. கையில் ஒரு டேப்லெட். பள்ளிக்குப் போனாரா இல்லையா என்று அது இடத்தைப் பதிவுசெய்யும். போன பிறகுதான் பயணப்படி. வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்க்கிறார். பிறகு சில பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு பத்தியை நீட்டி, ஒரு நிமிடத்துக்கு நேரம் வைக்கிறார். பிள்ளை விரலை எழுத்துக்கு அடியில் வைத்து நகர்த்திப் படிக்கிறது. தவறிய சொல்லை அவர் திரையில் தொட்டுக் குறிக்கிறார். முடிந்ததும் ஆசிரியரை ஓரமாக அழைத்துப்போய், நாளை எந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லிக்கொடுக்கலாம் என்று பேசுகிறார். 1925இல் கபேட்டேயிலிருந்து கிளம்பிய ஜீன்ஸ் ஆசிரியர் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான். அவருடைய மூட்டையில் இருந்த காய்கறி விதைகள் மட்டும் இவரிடம் இல்லை.